வாத்துப் படத்தின் மை

ஒரே வாரத்தில் இரண்டு சோதனை முடிவுகள் என் கைக்கு வந்தன. ஒன்று ஒரு குழந்தைச் சட்டையைப் பற்றியது. மற்றது என் ரத்தத்தைப் பற்றியது.

அப்போது எனக்கு ஆறாவது மாதம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்தேன். வெளிநாட்டு பையர், அதாவது துணி வாங்குகிறவர்கள், கேட்பதை இங்கே செய்ய வைக்க வேண்டும். இங்கே நடப்பதை அவர்கள் பதறாதபடி எழுதிச் சொல்ல வேண்டும். நூல் வந்ததா, சாயம் ஒத்துப்போகிறதா, தையல் எப்போது முடியும் என்று நாள் முழுக்க போனும் கையுமாகத் திரிவேன். என் கணவர் வீரபாண்டியில் பிரிண்டிங் யூனிட் வைத்திருந்தார். பனியன் துணியில் பூவும் பொம்மையும் எழுத்தும் அச்சடித்துக் கொடுக்கும் பட்டறை. எங்கள் கம்பெனியின் வேலையும் அங்கே போகும். எங்களுக்குக் கல்யாணம் ஆனதற்கே அந்தப் போக்குவரத்துதான் காரணம் என்று ஆபீசில் கேலி செய்வார்கள்.

முதலில் வந்தது சட்டையின் முடிவு. கைக்குழந்தைகளுக்கான சட்டை, வெளிர்மஞ்சள் துணி, நெஞ்சில் ஆரஞ்சு மூக்கு வைத்த ஒரு வெள்ளை வாத்து. பையருடைய ஆய்வகம் அந்த வாத்தைச் சோதித்துப் பார்த்து, தாலேட் அளவுக்கு மீறி இருக்கிறது என்று நிராகரித்திருந்தது. பிளாஸ்டிக்கை இளக்கி வளைய வைக்கும் பொருளுக்கு அந்தப் பெயர். ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும் பிரிண்ட் மைகளில் சிலவற்றில் அது சேர்ந்திருக்கும். எங்கள் தொழிலில் அந்த வார்த்தை புதிதல்ல. ஆனால் பாஸ், ஃபெயில் என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசித்தது கிடையாது.

வாத்தை அச்சடித்தது என் கணவர்தான். போன் போட்டேன்.

"மாமா, வாத்து ஃபெயில் ஆயிருச்சுங்க."

"ஏன், கழுவுனா உரியுதா?"

"அதெல்லாம் இல்லீங்க. மையில தாலேட் இருக்குதாம்."

அந்தப் பக்கம் மெஷினை நிறுத்தச் சொல்லும் குரல் கேட்டது. பிறகு, "வெள்ளை மை தீந்துபோச்சுன்னு அவசரத்துக்கு வேற கடையில வாங்கினேன் அம்மிணி. தாலேட் இல்லாததுன்னு சொல்லித்தான் குடுத்தான்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

அந்தக் கவலையோடுதான் அடுத்த பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கச் சொல்லி உட்கார வைத்து ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "கர்ப்பகாலச் சர்க்கரை வந்திருக்கும்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. நான் ஒல்லி. இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது. "எங்கம்மா ஊட்டுல யாருக்கும் சக்கரை இல்லீங்களே டாக்டர்" என்றேன்.

"இல்லாத வீட்டிலயும் வரும்மா. பயப்படாதீங்க. சாப்பாட்டைச் சரி பண்ணுவோம். அதில இறங்கலைன்னா ஊசி."

பயப்படாதே என்று டாக்டர் சொன்னால் பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம். மருந்துக் கடை வரிசையில் நிற்கும்போது போனை எடுத்து, பையர் அனுப்பிய மின்னஞ்சலை மறுபடி திறந்தேன். அதோடு ஒரு விளக்கக் குறிப்பும் வந்திருந்தது. நான் படிக்காமல் விட்டது. குழந்தைகளின் உடையில் இந்தப் பொருள்களை ஏன் தடுக்கிறோம் என்று அதில் எழுதியிருந்தது. இவை உடம்பின் ஹார்மோன்களைப் போல வேடம் போடக்கூடியவை, அல்லது ஹார்மோன்கள் செய்யும் வேலையைக் குழப்பக்கூடியவை. ஹார்மோன் என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. இன்சுலினும் ஹார்மோன்தானே. பத்தாம் வகுப்பில் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன்.

அன்று மாலையே வலையில் தேடத் தொடங்கிவிட்டேன். பிளாஸ்டிக்கில் இருக்கும் சில பொருள்களுக்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் சந்தேகப்படுவதாகப் படித்தேன். சூடான உணவை பிளாஸ்டிக்கில் வைத்தால் அந்தப் பொருள்கள் அதிகம் இறங்கும், மூச்சு வழியாகவும் போகும், வயிற்றில் இருக்கும் குழந்தையையும் எட்டும். ஒவ்வொன்றையும் படிக்கப் படிக்க என் பழைய நாட்கள் ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றன.

கல்யாணமானதிலிருந்து மதியச் சாப்பாட்டைப் பெரும்பாலும் பட்டறையில்தான் சாப்பிட்டேன். ஆபீசிலிருந்து ஸ்கூட்டியில் போய்விடுவேன். மெஸ்ஸிலிருந்து சோறும் சாம்பாரும் ரசமும் பிளாஸ்டிக் பைகளில் வரும். கை பொறுக்காத சூட்டில் பைகள் உப்பிக்கொண்டு இருக்கும். அச்சு மேசையின் ஓரத்தில் பேப்பரை விரித்து இரண்டு பேரும் சாப்பிடுவோம். பக்கத்திலேயே மையைக் காய வைக்கும் சூட்டு மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். துணி அதன் வாய்க்குள் ஈரமாகப் போய் மறுபக்கம் காய்ந்து வரும். அந்த வாசனை தலைவலி தரும் வாசனைதான், ஆனால் எனக்குப் பழகிப்போயிருந்தது. உண்மையைச் சொன்னால் பிடித்தும் இருந்தது. அவர் சட்டையில் இருக்கும் வாசனை அது.

மறுநாள் விடிந்ததும் சமையலறையைக் கவிழ்த்தேன். மாவு டப்பா, பருப்பு டப்பா, ஊறுகாய் ஜாடி, தண்ணீர் பாட்டில், சூடாறாத குழம்பை ஊற்றி ஃபிரிட்ஜில் வைக்கும் டப்பாக்கள் என்று எல்லாவற்றையும் எடுத்து வாசலில் குவித்தேன். அத்தை, என் கணவரின் அம்மா, பால் வாங்கிக்கொண்டு வந்தவர் குவியலைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன அம்மிணி, ஊடு மாத்தப் போறமா?"

"பிளாஸ்டிக் வேண்டாங்க அத்தை. சக்கரைக்கு அதும் ஒரு காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க."

"எனக்குந்தான் சக்கரை இருக்குது. நான் என்ன டப்பாவையா தின்னேன்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, பால் பையைக் கீழே வைத்துவிட்டு, "செரி கண்ணு, எவர்சில்வர் போசியெல்லாம் பரண்ல கெடக்குது. அவனை எடுத்துக் குடுக்கச் சொல்றேன்" என்றார்.

அத்தைக்குச் சர்க்கரை உண்டு என்பது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அவர் என் ரத்த உறவு இல்லை. என் கணவருக்குத்தான் ரத்த உறவு. அதோடு மைக்கு நடுவிலேயே நிற்பவரும் அவர்தான். நான் சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் போகிறவள். அவர் காலையில் போனால் ராத்திரிதான் வருவார். கையுறை போட மாட்டார். மை பட்ட விரலைத் துணியில் துடைத்துவிட்டு அப்படியே டீ கிளாஸைப் பிடிப்பார். என் பயம் என்னை விட்டு அவர் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

"ஒரு தடவை ரத்தம் குடுத்துப் பாருங்க மாமா" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணுமில்லை."

"இல்லைன்னா இல்லைன்னு தெரிஞ்சுக்கலாமுங்க."

"இருக்குதுன்னு தெரிஞ்சா என்ன பண்றது? பட்டறையை மூடிட்டு உன்ற கூட வந்து மெயில் அடிக்கட்டுமா?" என்று சத்தம் போட்டார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. அவருக்கும் பயம் வந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த மாதங்கள் முழுக்க வீட்டிலேயே சர்க்கரை பார்த்தேன். சாப்பிடும் முன் விரலைக் குத்துவேன், சாப்பிட்ட பின் குத்துவேன். எண் ஏறியிருந்தால் அன்று என்னென்ன தொட்டேன், எங்கெங்கே மூச்சு விட்டேன் என்று மனசு ஓடும். பேக்கரியில் டீயைப் பேப்பர் கப்பில் தந்தால், உள்ளே பூசியிருக்கும் மெழுகு போன்ற பூச்சைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். கடை ரசீதுத் தாளிலும் அந்த மாதிரிப் பொருள் இருக்கும் என்று படித்ததால், அதை நுனி விரலால் பிடிப்பேன். ஆபீசில் ஒருத்தி முகத்துக்கு நேராகவே, "உனக்கு என்னமோ ஆயிருச்சு" என்றாள். வயிற்றுக்குள் குழந்தை உதைக்கும்போது சந்தோஷம் வருவதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும்: உனக்கு என்ன எல்லாம் வந்து சேர்ந்திருக்கிறது?

அடுத்த முறை போனபோது டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மை, மெஸ் சாம்பார், சூட்டு மெஷின், வாத்து வரை. அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். பிறகு சொன்னார்.

"நீங்க படிச்சது பொய் இல்லைம்மா. இந்த மாதிரி பொருள்கள் இன்சுலின் வேலையைக் கெடுக்கலாம்னு எங்களுக்கும் கவலை இருக்கு. ஆனா உங்களுக்கு அதனாலதான் வந்ததான்னு கேட்டா என்னால சொல்ல முடியாது. கர்ப்பத்திலயே இன்சுலினுக்கு உடம்பு முரண்டு பிடிக்கும். பரம்பரை, தூக்கம், உக்காந்தே பார்க்கிற வேலை, அரிசிச் சோறு எல்லாம் சேர்ந்துதான் வருது. ஒண்ணைத் தனியாப் பிரிச்சு இதுதான்னு காட்ட ஒரு டெஸ்டும் என்கிட்ட இல்லை."

"அப்ப நான் என்ன பண்றதுங்க?"

"மையில இருந்து தள்ளி இருங்க. சூடானதை பிளாஸ்டிக்ல வாங்காதீங்க. நட. தூங்கு. மத்ததை என்கிட்ட விடு" என்றார். கடைசியில் ஒருமைக்கு வந்துவிட்டார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

என் கணவர் ஒருநாள் என்னிடம் சொல்லாமலே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். முடிவை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினார், கூட ஒரு வார்த்தையும் இல்லாமல்.  அவருக்குச் சர்க்கரை இல்லை. எல்லைக்கு அருகில்கூட இல்லை.

நிம்மதியில் ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுதேன். ஆனால் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வரும்போதே அடுத்த குழப்பம். மையில் முங்கிக் கிடப்பவருக்கு இல்லை, ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவளுக்கு இருக்கிறது. அப்படியானால் நான் கட்டிய கணக்கே தப்பா? டாக்டரம்மா சொன்னது அப்போதுதான் முழுசாக இறங்கியது. காரணம் தெரிந்த பயத்தோடு சண்டையாவது போடலாம். இதோடு என்ன செய்வது?

இந்த நேரத்தில்தான் ஆபீசுக்குப் புது ஆர்டர் ஒன்று வந்தது. குழந்தைகளின் உள்ளாடை, வியர்வை நாற்றம் பிடிக்காமல் இருக்க நானோ வெள்ளி பூச வேண்டும். அந்த மருந்தை விற்கும் கம்பெனியின் ஆள், நல்ல இஸ்திரி போட்ட சட்டைக்காரர், மாதிரித் துணிகளோடு வந்து எங்கள் மேனேஜர் முன்னால் விளக்கினார். வெள்ளியைக் கண்ணுக்கே தெரியாத பொடியாக்கித் துணியில் ஏற்றுகிறார்களாம், கிருமி அண்டாதாம்.

"குழந்தை உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதுங்களா?" என்று கேட்டேன்.

"மேடம், வெள்ளிதானே? நம்ம ஊட்டுக் குழந்தைக்கு வெள்ளிப் பாலாடையில பால் குடுக்கறதில்லையா, வெள்ளி அரைஞாண் கட்டறதில்லையா?" என்று சிரித்தார். மேனேஜரும் சிரித்தார்.

"பாலாடை ரத்தத்துக்குள்ள போகாதுங்களே. இது அவ்வளவு பொடிங்கறீங்க. துவைச்சா தண்ணியில போகுமா, தோல் வழியா உள்ள போகுமா, போனா என்ன பண்ணும்?"

அவர் நல்ல மனிதர்தான். சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்த அளவுக்கு எனக்குத் தெரியாதுங்க மேடம். கம்பெனியில கேட்டுச் சொல்றேன்" என்றார். பிறகு மேனேஜருக்கு ஏதேதோ தாள்கள் வந்தன. துணி எத்தனை சலவை தாங்கும் என்று அவற்றில் விவரமாக இருந்தது. உடம்பைப் பற்றி, தோலில் அரிப்பு வராது என்பதோடு முடித்திருந்தார்கள். நீண்ட நாள் பழக்கத்தில் என்ன ஆகும் என்பதற்கு இன்னும் தெளிவான பதில் இல்லை என்று நானே தேடித் தெரிந்துகொண்டேன். அந்த ஆர்டரை வேறொருத்தருக்குக் கொடுக்கச் சொன்னேன். வயிற்றைப் பார்த்து மேனேஜர் ஒத்துக்கொண்டார். ஆர்டர் நிற்கவில்லை, நான்தான் விலகினேன்.

ஒன்பதாம் மாதம் கட்டுச்சோறு விருந்து வைத்தார்கள். எங்கள் பக்கம் வளைகாப்பை அப்படித்தான் சொல்வோம். அம்மா வீட்டிலிருந்து எலுமிச்சம்பழச் சோறு, புளிச்சோறு, தேங்காய்ச் சோறு என்று போசி போசியாக வந்து இறங்கியது. எனக்காகக் கட்டிவந்த சோற்றில் ஒரு கைப்பிடிக்கு மேல் நான் தொட முடியாது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே பரிமாறினாள்.

நங்கையா, அதாவது என் கணவரின் அக்கா, அவினாசியிலிருந்து தன் கைக்குழந்தையோடு வந்திருந்தார். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு என் கணவர் கொஞ்சினார். திடீரென்று குழந்தையை முன்னால் தூக்கிப் பிடித்துப் பார்த்தபடி நின்றார். நானும் பார்த்தேன். வெளிர்மஞ்சள் சட்டை. நெஞ்சில் ஆரஞ்சு மூக்கு வைத்த வெள்ளை வாத்து. பல் முளைக்கும் பருவம் போலிருக்கிறது; குழந்தை சட்டையை இழுத்து வாயில் வைத்து வாத்தைச் சப்பிக்கொண்டிருந்தது. வாத்து முழுக்க எச்சில்.

"ஏனுங்கக்கா, இந்தச் சட்டை எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார்.

"வாரச் சந்தையில. எக்ஸ்போர்ட் மிச்சம்னு குமிச்சுப் போட்டிருந்தாங்க. நல்லா மெத்துன்னு இருக்குதுன்னு ரண்டு எடுத்தேன். ஏன்டா?"

அவர் குழந்தையை அறைக்குள் கொண்டுபோய்ச் சட்டையைக் கழற்றினார். நங்கையா பின்னாலேயே போக, நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனேன்.

"கழட்டறதுன்னா சொல்லிட்டுக் கழட்டு. என்னடா ஆச்சு உனக்கு?"

"இது ஃபெயில் ஆன சட்டைங்க நங்கையா. பிரிண்ட்ல குழந்தைக்கு ஆகாத மருந்து இருக்குதுன்னு வெளிநாட்டுக்காரன் வேண்டாம்னு திருப்பிட்டான்" என்று நான்தான் சொன்னேன்.

"அவன் வேண்டாம்னா நம்மூர்ல எப்படி விக்கறாங்க? எவன் அடிச்சான் இதை?"

"நான்தானுங்கக்கா அடிச்சேன்" என்றார் என் கணவர்.

வெளியே பந்தி நடந்துகொண்டிருந்தது. நங்கையா துண்டை எடுத்துக் குழந்தையின் வாயைத் துடைத்தார். ஒருமுறை துடைத்துவிட்டு, மறுபடியும் துடைத்தார். "ஒண்ணும் ஆயிராதில்ல கண்ணு?" என்று என்னைக் கேட்டார். கொஞ்ச நாள் சப்பியதால் உடனே ஏதும் ஆகாது, இனிமேல் போடாமல் இருந்தால் போதும் என்று எனக்குத் தெரிந்த வரையில் சொன்னேன். நான் சொன்னதை நானே எவ்வளவு நம்பினேன் என்று தெரியாது.

மறுநாள் ஆபீஸ் போனதும் மேனேஜரிடம் கேட்டேன். "அந்த வாத்துச் சரக்கு என்னங்க சார் ஆச்சு?"

"லோக்கலுக்குப் போயிருச்சும்மா. ஃபெயில் ஆனது வேற எங்க போகும்?"

அவர் திருட்டுத்தனமாக எதையும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் அது. தையல் கோணினால் சந்தைக்குப் போகும், அளவு தப்பினால் சந்தைக்குப் போகும், மருந்து மீறினாலும் அதே சந்தைக்குத்தான். எனக்கும் தெரிந்த வழக்கம்தான். இந்த மூன்றாவதைப் பற்றி அதுவரை நினைக்கவில்லை. என் நாத்தனார் குழந்தை சப்பிய கதையைச் சொன்னேன். அவர் பேத்திக்கு அதே வயது. கையிலிருந்த ஃபைலை மூடிவிட்டு, "மிச்சம் குடோன்ல இருந்தா நெஞ்சுப் பக்கத்தை வெட்டி எறியச் சொல்றேன்" என்றார். குடோனில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அதை வெட்டினார்கள். மற்றதெல்லாம் எந்தெந்தச் சந்தையில் எந்தெந்தக் குழந்தைக்குப் போனதோ.

என் கணவர் பட்டறையில் மீதமிருந்த அந்த மை டப்பாக்களை விற்றவரிடமே திருப்பி எறிந்தார். குழந்தை உடைக்குத் தண்ணீரில் கரையும் மைதான் போடுவேன் என்று ஆரம்பித்தார். அதில் ரப்பர் போன்ற மெத்து வராது. சில கம்பெனிகள் வேறு பட்டறைக்குப் போய்விட்டன. அவர் கையுறையும் போடத் தொடங்கினார். பட்டறைப் பையன்களையும் போட வைத்தார்.

மகள் பிறந்தாள். குறித்த தேதிக்குக் கொஞ்சம் முன்பே, ஆபரேஷன் இல்லாமல். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகலாம் என்று சொல்லியிருந்தார்கள். தாழ்ந்துதான் போனது. என் பக்கத்திலிருந்து தூக்கிக்கொண்டு போய் அவளது குதிகாலைக் குத்தி ரத்தம் எடுத்தார்கள், திரும்பவும் குத்தினார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழும் குரல் கேட்டது. அது அவள் குரல்தானா என்றுகூட எனக்கு இன்னும் தெரியாது. என் கணவர் சுவரில் சாய்ந்து நின்று தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் கொஞ்சம் வெள்ளை தங்கியிருக்கும் கைகள். மறுநாள் அவள் சர்க்கரை நிலைக்கு வந்தது. பால் குடித்தாள். நர்ஸ், "இனி பயமில்லைங்க" என்றார்.

பிரசவத்துக்குப் பிறகு எனக்கும் சர்க்கரை இறங்கிவிட்டது. "ஆனா ஒருதரம் வந்துட்டுப் போனது திரும்ப வரலாம். வருஷா வருஷம் பார்க்கணும்" என்றார் டாக்டரம்மா. பார்க்கிறேன். போன முறை சரியாக இருந்தது. இந்த முறை எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. "இது சர்க்கரை இல்லை, சர்க்கரைக்கு முந்தைய நிலை" என்று விளக்கினார்கள்.

கணவரிடம் சொன்னபோது, "எதனாலன்னு கேட்டியா?" என்றார்.

"கேக்கலீங்க" என்றேன். அவர் தலையாட்டினார்.

இப்போது காலையில் அத்தையும் நானும் நடக்கப் போகிறோம். அவர் முன்னால் போவார், என்னை விட வேகமாக. எதிரே பனியன் கம்பெனி வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும். ஜன்னலோரப் பெண்கள் பலரின் மடியில் ஒரு டிபன் பையும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் இருக்கும். அவர்களில் யாராவது மாசமாக இருக்கிறார்களா என்று என் கண் தானாகத் தேடுகிறது. அத்தை திரும்பிப் பார்த்து, "கையை வீசி நட அம்மிணி" என்கிறார்.